ஓட்டி

கையுறைத் தொழிற்சாலையில்
பன்னிரண்டு மணி நேரம் நின்று
ஓட்டி பார்த்துவிட்டு இறங்கிய இரவில்
பீடோங் பஸ் நிறுத்தத்தில் நின்றது.
என் மீ கோரேங் பொட்டலத்தில்
மீயை ஒதுக்கிவிட்டு
முட்டையை மட்டும் தின்றது.
அதனால்தான் ஓட்டி என்று பெயர்.
கூடுதல் நேரம்,
கூடுதல் சம்பளம் மட்டும் கிடையாது.

கறுப்பு.
நெற்றியில் யாரோ சுண்ணாம்பு தொட்டுத்
துடைக்க மறந்ததுபோல் ஒரு வெள்ளை.
ஒரு காது நிமிர்ந்து நிற்கும்.
மற்றது மாதக் கடைசிபோல் தொங்கும்.

முதல் வாரம் மெத்தையைக் கிழித்தது.
அடுத்த வாரம் மின்சார பில்லைத் தின்றது
(அதற்கு நான் கோபிக்கவில்லை).
பிறகொரு நாள் சாக்கடையோரம்
உடும்பு ஒன்றைத் துரத்திப் போய்
உடும்பு துரத்தத் திரும்பி வந்தது.
அன்றிரவு முழுக்க
என் கட்டிலுக்கு அடியில் படுத்து
வாசலைப் பார்த்து வீரமாய்க் குரைத்தது.

அப்புறம் செருப்புகள்.
எப்போதும் இடது கால்தான்.
வலதைத் தொடாது. என்ன கணக்கோ!
ஆ செங் மளிகைக் கடை, கிளினிக்,
பரிமளா அக்காவின் டியூஷன் வீடு...
பீடோங்கில் பாதிப் பேர் ஒருமுறையாவது
ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார்கள்.

ஞாயிறுதோறும் மோட்டார் கூடையில்
இடது செருப்புகளை அள்ளிப் போட்டுக்கொண்டு
வீடு வீடாகப் போவேன்.
ஆறு வருஷமாய் இந்த ஊரில் எனக்கு
பஸ் வரும் நேரம் தெரியும்,
மழை வரும் நேரம் தெரியும்.
இப்போது
யாருக்கு எட்டாம் நம்பர் கால்,
யாருக்குக் குதிகால் வெடிப்பு,
எந்த வீட்டில் அண்ணனும் தம்பியும்
ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்
என்பதுவரை தெரியும்.
"ஓட்டிக்காரி வந்துட்டா!"
முதலில் திட்டு வரும்.
பின்னாலேயே தே ஓ வரும்.

அது செம்பனை லோரியில் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை.
குலைகளின் உச்சியில்
முள் குத்தாத ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து
பட்டாபிஷேகம் முடிந்த மிதப்பில் போனதாக
மூன்று பேர் சாட்சி சொன்னார்கள்.
தடுத்ததாக யாரும் சொல்லவில்லை.

இரண்டு ராத்திரி தேடினேன்.
தோட்டத்து மண்சாலையில்
"ஓட்டி! ஓட்டி!" என்று கத்திக்கொண்டு போனேன்.
குடியிருப்பிலிருந்து ஓடிவந்த பங்களாதேஷ் பையன்கள்
எத்தனை மணி நேரம், எத்தனை வெள்ளி
என்று கேட்டார்கள்.
நாய் என்றதும் முகம் விழுந்துவிட்டது.
ஆனாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு
கூடவே வந்தார்கள்.
இருட்டில் பனைவரிசை எல்லாம் ஒரே வரிசைதான்.
ஒவ்வொரு வரிசை முனையிலும்
நான் என் ஓட்டியைக் கூப்பிட்டேன்.
அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு
அவர்களுடையதைக் கூப்பிட்டார்கள்.

வியாழன் காலை
லோரி நாகப்பன் போன் செய்தார்:
"ஆலையில்தாம்மா இருக்கு ஒன் ஆளு."

எடை மேடை ஜன்னலில் நோர்லிசா
ஒரு சீட்டை நீட்டினாள்.
லோரியோடு ஏறி எடை நின்ற நாய்
பழம் கொட்டும் இடத்தில் குதித்துவிட்டது.
வெறும் லோரி திரும்பி நின்றபோது
இருபது கிலோ கணக்கில் பழமாகிவிட்டது.
பதினாறு வெள்ளி சொச்சம்.
குத்தகைக்காரருக்குக் கொடுத்தாகிவிட்டதாம்.
அவள் நாயைத் தொடமாட்டாள்.
ஆனால் பிஸ்கட் டின்னில் தண்ணீர் ஊற்றி
நீளக் குச்சியால் தள்ளி வைத்திருந்தாள்.
டின்னைச் சுற்றி மீன் முள்.

திட்டுவதற்கு வழியெல்லாம்
வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன்.
உடம்பெல்லாம் எண்ணெய், ஒரு காது மட்டும் நிமிர,
வாலால் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது.
"சம்பளம் எங்கேடா?" என்றுதான் வாயில் வந்தது.

வீட்டில் இரண்டு முறை சோப்பு போட்டுக் குளிப்பாட்டி
மோட்டார் கூடையைத் துடைக்கப் போனால்
உள்ளே கிடக்கிறது
ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்,
இடது கால்,
உள்ளே இன்னும் ஈரம் காயாமல்.

ஆலை இங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர்.
ஞாயிற்றுக்கிழமை வரை
அந்த ஆள் எப்படி நிற்பான்?
நாளைக்கே போகவேண்டும்.
பெட்ரோல் போடக் கிளம்பினேன்.
கூடையில் ஏற்கெனவே
ஏறி உட்கார்ந்திருக்கிறது.